டின்பால் டீச்சரின் ஒரே பொய்

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பறையில் கைப்பேசியைத் தொடக் கூடாது என்று பாடசாலையில் விதி போட்டவனே நான்தான் என்பதால் இரண்டு தடவை பேசாமல் இருந்தேன். மூன்றாவது தடவை வெளியே வந்து எடுத்தேன். பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் நளீம் நாநா பேசினார். "சேர், நம்மட டின்பால் டீச்சர் போய்ட்டாங்க" என்றார். மொனராகலையில், காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லையாம். வகுப்புக்குத் திரும்பிப் போய், கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். "சேர், விடை பிழை" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. "ஆமாம், பிழைதான்" என்று சொல்லி அழித்தேன். ஒரு காலத்தில் நான் கரும்பலகையில் பிழைவிட்டால், "நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்த்தேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் ஆசிரியன். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கியெடுத்தவர்தான் இறந்துபோயிருக்கிறார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, விஞ்ஞான ஆசிரியையாகி, பதினோரு வருடம் என்னோடு ஒரே ஓய்வறையில் இருந்தவர் அவர். பதிவேட்டில் பெயர் இராஜலெட்சுமி. அவரை அறிந்த உங்களில் பாதிப்பேருக்கு "டின்பால் டீச்சர்" என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. தேநீருக்கு டின்பால் நிறையப் போட்டுக் குடிப்பவர் என்று இறுதிச் சடங்கில் ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் ஆயுள் முழுக்கக் குடித்தது பால் விடாத வெறும் சாயத்தண்ணி. உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பெயருக்கு நானும் ஒரு விதத்தில் பொறுப்பாளி.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பாடசாலைக்கு ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டு இளைஞர் ஒருவர் தொண்டராக வந்து, ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனார். போகும்போது நூலகத்துக்கென்று ஒரு பெட்டியை விட்டுச் சென்றார். அதற்குள் தடித்த புத்தகம் ஒன்றும், ஒரு பை நிறையப் பகடைகளும் இருந்தன. நாலு முகப் பகடை, எட்டு முகப் பகடை, இருபது முகப் பகடை. நிகழ்தகவுப் பாடத்துக்கு ஆகுமே என்று பகடைகளை எடுத்தேன். கூடவே புத்தகத்தையும் கொண்டுபோய் வாசித்தேன். அது ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நடுவராக இருந்து கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்த மனிதர்கள் பூதத்தோடும் அரக்கரோடும் வாயாலேயே சண்டை போடும் விளையாட்டு. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

டீச்சர் உட்பட நாங்கள் நால்வர் சேர்ந்தோம். நளீம் நாநா தன் கடையின் மேல்மாடியைக் கொடுத்தார். ஞாயிறு பின்னேரம் துணிப்பொதிகளுக்கு நடுவே உட்காருவோம். யாழ்ப்பாணத்தவரான குகதாசன் தபால் கந்தோரில் உதவித் தபாலதிபர். ஒரு முத்திரைகூடக் கோணலாகக் குத்த மாட்டார். முதல் நாள் பாத்திரங்களை வாசித்துக்காட்டினேன். குகதாசன் கொஞ்சமும் யோசிக்காமல் "எனக்குக் கள்ளன்" என்றார். நளீம் நாநா வாள் பிடிக்கும் வீரனை எடுத்தார். மிச்சமிருந்தது அறவீரன் என்று சொல்லத்தக்க ஒரு பாத்திரம். ஆங்கிலத்தில் அதற்குப் "பலடின்" என்று பெயர்.

"பால்டின்னா?" என்றார் நளீம் நாநா. "சண்டைக்குப் போக டின்பால் எதுக்கு சேர்?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த சீத்தைத் துணிப் பொதி சரிந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு அதுதாங்க சேர் வேணும். நான் டின்பால்" என்றார். அடுத்த நாள் குகதாசன் தபால் கந்தோரில் வைத்தே "வாங்கோ டின்பால் டீச்சர்" என்று கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். பதுளையில் ஒரு பெயர் பரவ அது போதும்.

ஆனால் அந்தப் பாத்திரம் லேசானதில்லை. கள்ளன் என்னவும் செய்யலாம், கேட்பாரில்லை. அறவீரனுக்கு மட்டும் புத்தகம் ஒரு பக்கம் முழுக்கக் கட்டுப்பாடு விதித்திருந்தது. காயம்பட்டவர் மேல் கை வைத்தால் காயம் ஆறும். அவ்வளவு பெரிய சக்தி. பதிலுக்கு அவர் பொய் சொல்லக் கூடாது. கெட்டவரோடு கூட்டுச் சேரக் கூடாது. எப்போதும் இரண்டு குணங்களோடு இருக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் சக்தி போய்விடும். அந்த இரண்டு குணங்களையும் நான் சி.ஆர். கொப்பியில் தமிழில் எழுதினேன்: "சட்டத்துக்கு அமைந்தவராகவும் நல்லவராகவும் இருத்தல் வேண்டும்." மொழிபெயர்ப்பு அழகாக வந்துவிட்டதென்று எனக்குள் ஒரு பெருமை.

முதல் சிக்கல் கடவுளால் வந்தது. அறவீரனுக்கு ஒரு தெய்வம் வேண்டுமாம். புத்தகத்தில் இருந்த தெய்வங்களைப் பார்த்துவிட்டு நளீம் நாநா, "விளையாட்டானாலும் இது எனக்கு ஏலாது சேர், கோவிச்சுக்காதீங்க" என்றார். நான் தேவாலயம் போகிற வேதக்காரன், எனக்கும் உள்ளூர ஒரு கூச்சம். முருகனைப் போடலாமா என்று குகதாசன் கேட்டார். முருகனைப் பகடையில் உருட்ட அவருக்கே பயம். டீச்சர்தான் வழி சொன்னார். "சாமி வேணாம். நான் ஒரு சத்தியம் பண்ணிக்கிறேன். சத்தியத்துக்கு எந்த மதமுங்க?" அன்றிலிருந்து டீச்சரின் வீராங்கனை தெய்வமில்லாத சத்தியம் ஒன்றுக்குக் கட்டுப்பட்டவளானாள். கள்ளனோடு எப்படிக் கூட்டுச் சேரலாம் என்று நான் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "குகதாசன் சேர் கெட்டவரு இல்லைங்க. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்."

சத்தியம் மேல்மாடியோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்லாமல் இருந்து பழகினால் திங்கட்கிழமையும் வாயில் பொய் வராது போலிருக்கிறது. ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் பாடசாலைக்கு வந்து, "ஆய்வுகூடம் எல்லாம் நல்லா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். "பூட்டு நல்லா இருக்குங்க சேர்" என்றார் டீச்சர். இரண்டு வருடமாகத் திறக்காத ஆய்வுகூடம் அது. பாடசாலை அதிபர் முகம் கறுத்தது. அதிகாரி திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே கூரை வரை உடைந்த கதிரைகள்தான். அடுத்த தவணையே பிள்ளைகள் அங்கே அமிலமும் காரமும் கலந்துகொண்டிருந்தார்கள். "என்ன தைரியம் டீச்சர் உங்களுக்கு!" என்றேன். "தைரியமில்லைங்க சேர். உண்மைய சொன்னா ஒன்னுதான் ஞாபகம் வச்சிக்கணும். பொய் சொன்னா ரெண்டு ஞாபகம் வச்சிக்கணும். எனக்கு மறதி ஜாஸ்தி."

அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நடுவரான நான் அப்போது ஒரு மலைநாட்டுக் கதையை நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிற்றரசன். மலைச்சரிவில் நீலப்பூப் பறிக்கும் கூட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக அவனுக்கு உழைக்கிறது. அரசனின் முத்திரைச் சீட்டு இல்லாமல் யாரும் கணவாயைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சீட்டு யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. நாற்பத்திரண்டு பேர் மூட்டை முடிச்சோடு வந்து, எங்களையும் கூட்டிப்போங்கள் என்று டீச்சர், குகதாசன், நளீம் நாநா மூவரிடமும் கேட்கிறார்கள். மூவரும் அரண்மனையில் புகுந்து முத்திரையைத் திருடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்காக அரண்மனைப் படமெல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.

டீச்சர் நேரே கணவாய்க்கு நடந்தார். நாற்பத்திரண்டு பேரும் பின்னால். காவலனாக நான் குரலை மாற்றிக்கொண்டு, "யார் இவர்கள்?" என்று அதட்டினேன்.

"எங்க கல்யாணக் கூட்டமுங்க" என்றார் டீச்சர். "பொண்ணெடுத்துட்டுப் போறோம்."

"மாப்பிள்ளை யார்?"

டீச்சர் குகதாசனைக் காட்டினார். குகதாசன் அசல் வாழ்க்கையில் பிரமச்சாரி, காது சிவந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் தலையைக் குனிந்து, "ஓம், நான்தான்" என்றார். நளீம் நாநா உடனே எழுந்து நின்று, "வழி விடுங்க, அங்க பிரியாணி ஆறுது!" என்று கத்தினார். கீழே கடையிலிருந்த பையன்கள் என்னவோ ஏதோ என்று மாடிப்படி வரை வந்துவிட்டார்கள். டீச்சர் இருபது முகப் பகடையை உருட்டினார். பதினெட்டு. காவலன் நம்பியே ஆக வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் கணவாயைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் விளையாடிய அத்தனை ஞாயிறுகளிலும் அவ்வளவு சிரித்த நாள் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் நான் கொப்பியைத் திறந்தேன். அந்த நாளைய என்னை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "டீச்சர், காவலனிடம் பொய் சொன்னீர்கள். அதைவிட, நாட்டுச் சட்டத்தை மீறினீர்கள். சட்டத்துக்கு அமைந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. சக்தி போய்விட்டது" என்றேன்.

டீச்சர் பகடையைக் கீழே வைத்தார். "பொய் சொன்னேன், ஒத்துக்கிறேங்க. அது எது சேர் அந்தச் சட்டம்?" என்று கேட்டார்.

"சீட்டு இல்லாமல் போகக் கூடாது என்ற சட்டம்."

"எங்கப்பா இந்த மண்ணுலதான் பொறந்தாரு. நாப்பது வருசம் நாடில்லாதவரா இருந்தாரு. சட்டப்படி. அப்புறம் இன்னொரு சட்டம் வந்து, இந்தா ஒனக்கு நாடுன்னு குடுத்துச்சு. எங்கப்பா எங்கயும் போகல்ல, வரல்ல. அதே லயத்துல, அதே காம்பராவுலதான் இருந்தாரு. சட்டந்தான் போச்சு, வந்துச்சு. அந்தச் சட்டத்துக்கு அமைஞ்சாதான் நல்லவளா, சேர்?"

கோபமாகச் சொல்லவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான். நான் வாயை மூடியிருக்கலாம். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

டீச்சர் வராமல் நின்றுவிடுவார் என்று பயந்தேன். நின்றிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சக்தியில்லாத சாதாரண வீராங்கனையாகவே விளையாடினார். யாருக்காவது காயம்பட்டால் பக்கத்தில் போய், "கை வைக்கிறேன்" என்பார். "சக்தி இல்லை டீச்சர், ஆறாது" என்பேன். "தெரியுங்க சேர். ஆனாலும் கை வச்சா ஆறுதலா இருக்குமில்ல?" என்று சிரிப்பார். மூன்று மாதம் இப்படி. நளீம் நாநா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தேவையில்லாமல் துணி மடித்தார். மேசையில் என்னைத் தவிர எல்லோரும் டீச்சர் பக்கம். சொல்லப்போனால் நானும் டீச்சர் பக்கம்தான். பிழை என்று சொல்ல நாக்குத்தான் எழும்பவில்லை.

ஒரு நாள் பதிவுத் தபால் போடப் போனேன். குகதாசன் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், நான் கிழமைக்கு ஒருக்கா களவெடுக்கிறன். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. அந்தப் பிள்ளை நாற்பத்திரண்டு சனத்தைக் காப்பாத்திப்போட்டு மூண்டு மாசமாய்த் தண்டனை அனுபவிக்குது. இது என்ன நியாயம்?"

"புத்தகத்தில்..."

"புத்தகத்தை நானும் பாத்தனான். அந்தச் சொல்லுக்குச் சட்டம் எண்டு மட்டும் அர்த்தமில்லை. ஒரு நெறிக்குக் கட்டுப்பட்டு, குடுத்த சொல்லுத் தவறாம நடக்கிறவன் எண்டும் எடுக்கலாம். சட்டம் எண்டு எழுதினது நீங்கள். புத்தகத்திலை பழியைப் போடாதேங்கோ." சொல்லிவிட்டு என் கடிதத்தில் நேராக முத்திரை குத்தினார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. ஞாயிறன்று மேல்மாடிக்குப் போய், உட்காருவதற்கு முன்பே சொன்னேன். சட்டத்தைப் பற்றி நான் எழுதியது பிழை, டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், சக்தியைத் திருப்பித் தருகிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் நிறுத்தியிருந்தால் மிச்சம் வந்திருக்காது. "சட்டத்துக்கு அமைந்த" என்பதை வெட்டி, "நெறி தவறாத" என்று எழுதிக் காட்டினேன்.

டீச்சர் கொப்பியை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க சேர். பொய் சொன்னது பொய்தான். அதுக்கு மூணு மாசம் சும்மா கை வச்சேன், அது என் பரிகாரம். கணக்கு சரி. சட்டம்னு எழுதினது ஒங்க பிழை. ஒங்க பரிகாரம் என்ன?"

"நடுவருக்கு ஏது பரிகாரம்?"

"ஏன், நடுவரு நெறிக்கு வெளியவா இருக்காரு?"

நளீம் நாநா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். தீர்ப்பை டீச்சரே சொன்னார். நான் அடுத்த ஞாயிறு ஸ்பிரிங்வெளிக்கு வர வேண்டும். அவருடைய அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நாற்பத்திரண்டு பேர் கணவாயைத் தாண்டிய கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். தாண்ட வைத்தது தன் மகள் என்று மட்டும் அவருக்குச் சொல்லக் கூடாது.

போனேன். லயத்து வாசலில் பலகைக் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். டீச்சர் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. நான் விளையாட்டைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை. ஒரு நாட்டில் நடந்தது என்று தொடங்கினேன். அவர் அதை ஊர்ச் செய்தி போலக் கேட்டார். அரசன் சீட்டுக் கொடுப்பதில்லை என்றதும், "எப்புடிக் குடுப்பான்?" என்றார். கல்யாணக் கூட்டம் என்று ஒரு பொம்பளை சொன்னாள் என்றதும் பல்லில்லாத வாயால் சிரித்தார். எல்லோரும் தாண்டிவிட்டார்கள் என்று முடித்தேன். டீச்சர் சாயத்தண்ணியோடு வந்து நின்றார்.

அப்பா கிளாஸை வாங்கி, கொஞ்சம் குடித்துவிட்டுக் கேட்டார். "போன எடத்துல அவங்களுக்குக் காணி குடுத்தாங்களா?"

 கணவாய்க்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. என் படம் கணவாயோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் வெள்ளைத்தாள். டீச்சரைப் பார்த்தேன். எப்போதும் சிரிக்கிற அந்த முகம் அப்போது சிரிக்கவில்லை. அவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"குடுத்தாங்க ஐயா" என்றேன்.

"எவ்வளவு?"

"வீட்டுக்கு இருபது பேர்ச் காணி."

"தண்ணி?"

"பக்கத்துலேயே ஓடை இருக்கு."

"சும்மா வாயால சொன்னாங்களா, எழுதிக் குடுத்தாங்களா?"

"உறுதிப் பத்திரம் எழுதி, அவங்கவங்க பேருக்கே குடுத்தாங்க."

அவர் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அப்ப சரி. அந்தப் புள்ள பொய் சொன்னதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார். டீச்சர் சட்டென்று உள்ளே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு மட்டும்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். என்னை பஸ் ஏற்ற வரும்போது, "பரிகாரம் முடிஞ்சிருச்சுங்க சேர்" என்று சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு, குகதாசனுடைய கள்ளன் வேலி தாண்டி விழுந்து கால் உடைந்தபோது டீச்சர் கை வைத்தார். ஆறியது. நாங்கள் நால்வரும் பண்டாரவளை வரை போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

பிறகு டீச்சருக்கு மொனராகலைக்கு மாற்றலானது. குகதாசனும் இடம் மாறிப் போனார். ஞாயிறுகள் மெல்ல மெல்ல வெறும் ஞாயிறுகளாயின. டீச்சர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அங்குள்ள ஆய்வுகூடத்துப் பூட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வார்.

அடக்கம் முடிந்த அன்று மிச்சமான நாங்கள் மூவரும் மதகொன்றில் உட்கார்ந்திருந்தோம். அழுதோம், கல்யாணக் கூட்டத்தை நினைத்துச் சிரிக்கவும் சிரித்தோம். "இப்ப அந்த கேம் முடிஞ்சிட்டுதானே சேர்?" என்று கேட்டார் நளீம் நாநா. அவருக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. பகடைகள் எந்த வகுப்பில் தொலைந்தனவோ தெரியாது. டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்: அவர் ஒரே ஒரு பொய் சொல்லிக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த நாற்பத்திரண்டு பேர். அவர்களுக்குக் கணவாய்க்கு அப்பால் வீட்டுக்கு இருபது பேர்ச் காணி இருக்கிறது. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. உறுதி அவரவர் பேரில் இருக்கிறது. அந்த நாட்டுக்கு நடுவர் இன்னும் நான்தான். நான் இருக்கும்வரை, எவர் எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும், அந்தக் காணியில் ஒரு பிடி மண்ணை அள்ள முடியாது.